ஜீப் திரும்பிய பிறகு

பருந்துகளுக்கு மஞ்சள் ஜீப்பை அடையாளம் தெரியும் என்று தங்கை முதன்முதலில் சொன்னபோது வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணி அன்றைக்கே அவளுக்கு ‘பருந்து வக்கீல்’ என்று பட்டம் கட்டினாள். போன வாரம் ஒரு பருந்து விமானத்தின் இடது எஞ்சினுக்குள் போனதிலிருந்து அந்தப் பட்டத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எழும்பிய விமானம் புகையோடு திரும்பி வந்து இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். அவசரச் சறுக்கில் இறங்கும்போது கைக்குழந்தையோடு விழுந்த ஒருத்திக்கு மட்டும் இடுப்பெலும்பு முறிந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பெண் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடக்கிறாள்.

அந்த விமானத்துக்குப் பறக்க அனுமதி கொடுத்தது, விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் உட்கார்ந்திருந்த தங்கை. ஓடுபாதையில் பறவை இல்லை என்று அறிவித்தது, பறவை விரட்டும் பிரிவின் தலைவரான அண்ணன். விமான நிலையத்தில் அவருக்கு ‘வெடிக்காரர்’ என்று பெயர். வீட்டில் கீழ்த்தளம் அவருடையது, மாடி அவளுடையது. தினமும் ஒரே காரில்தான் வேலைக்குப் போவார்கள். இன்றைக்கு விசாரணைக்கும் ஒரே காரில்தான் போகவேண்டும்.

முட்டி வலி என்று மாடிப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அண்ணி, காலையில் டீயை மேலேயே கொண்டு வந்துவிட்டாள்.

“சர்க்கரை போதுமா பாரு.”

“அண்ணி, சுத்தி வளைக்காதீங்க. என்ன விஷயம்?”

“போன் விஷயம்தான். அதை மட்டும் அங்க இழுக்காதே. மத்தபடி நீ என்ன சொன்னாலும் சரி.”

“மத்தபடி சொல்றதுக்கு என்ன இருக்கு?”

அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். வலி நிஜமானது. நடிப்பாக இருந்திருந்தால் தங்கை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். நிஜமான வலியோடு படியேறி வந்து ஒருத்தி கெஞ்சும்போது என்ன கேட்பது?

போன் விஷயம் என்னவென்று புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஜீப்பில் போவார், சைரனைப் போடுவார், வெடியைப் போடுவார். பறவைகள் எழுந்து மதிலைத் தாண்டிப் போய்விடும். அவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வருவார். திரும்பிய பிறகு அவை ஒவ்வொன்றாக வந்து அதே புல்லில், அதே இடத்தில் உட்காரும். மழை பெய்து பூச்சி கிளம்பியிருந்தால் இன்னும் சீக்கிரமாக வரும். டவரின் கண்ணாடி வழியாகப் பார்ப்பவளுக்கு இது தினசரிக் காட்சி. ஜீப்பில் இருப்பவருக்கோ ஒரு நாளும் கண்ணில் படாது. அவர் இருக்கும் இடத்தில் பறவை இருக்காது, பறவை இருக்கும் நேரத்தில் அவர் இருக்க மாட்டார். பல வருடமாக ஒரே ஜீப், ஒரே நிறம், ஒரே சத்தம். பறவைகளுக்குப் பழகிப் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை அவள் அதை ரேடியோவில் சொன்னாள். டவர் ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும். மேலதிகாரி அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு வெடிக்காரரைக் கூப்பிட்டு, வேலை செய்கிறீர்களா அல்லது பட்டாசு விட்டு விளையாடுகிறீர்களா என்று கேட்டார். அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

“வீட்டு மானத்தை மைக்ல ஏத்திட்டியே பாப்பா. பாத்தா எனக்கு ஒரு போன் அடி, நான் போய் விரட்டிட்டு வர்றேன். இதுக்கு ஊரைக் கூட்டணுமா?”

அன்றிலிருந்து போன்தான். டவரில் வேலை செய்யும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோகக் கூடாது, வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டும். இவள் கைக்குட்டையில் சுற்றி உள்ளே எடுத்துப் போவாள். அவளுடைய சீனியர் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். ரேடியோ பதிவில் பறவை என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. அண்ணனுக்கு இரண்டு வருடமும் தொடர்ந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

இவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று கேட்பீர்கள். அப்பா போன பிறகு இவளைப் படிக்க வைத்தது அண்ணன். பயிற்சிக் காலம் முழுக்க ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர். மழைக்கோட்டு வீட்டில் ஒன்றுதான் இருந்தது, அது எப்போதும் பின்னால் உட்கார்ந்தவளுக்குத்தான். அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

விபத்து நாளில் அவள் முதலில் போன் செய்தபோது அண்ணன் எடுத்தார். ஜீப்பில் போய் விரட்டினார். ரேடியோவில் “ஓடுபாதை சுத்தம்” என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினார். அவள் விமானத்துக்கு அனுமதி கொடுத்தாள். கொடுத்த கையோடு பார்த்தால், மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து இரண்டு பருந்துகள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மறுபடியும் அண்ணனை அழைத்தாள். மறு கையால் மைக் பட்டனை அமுக்கினாள். போன் மணி அடித்தது. அண்ணன் எடுத்துவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் இணைப்பைத் துண்டித்தார். பட்டனில் விரல் இருந்தும் தொண்டையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. விமானம் வேகமெடுத்துவிட்டது. அவள் பட்டனை விட்டுவிட்டாள்.

அந்தச் சில மூச்சு நேரத்தை நினைத்து அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

காரில் பாதி தூரம் போன பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

“சாப்டியா பாப்பா?”

“ரெண்டாவது போனை ஏண்ணா கட் பண்ணினே?”

“வண்டி ஓட்டிட்டு இருந்தேன்.”

“முதல் போன் வந்தப்பவும் வண்டிதான் ஓட்டிட்டு இருந்தே.”

அண்ணன் பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“இங்க பாரு. ரெண்டு பேரும் பறவையைப் பாக்கலை. எங்கேயோ இருந்து வந்துச்சு, அடிச்சுது. யார் மேலயும் தப்பு இல்ல. போன் கதையைச் சொன்னா உனக்கும் சீட்டு கிழியும், எனக்கும் கிழியும்.”

“பறவை மறுபடியும் வருமே.”

“வந்தா விரட்டுவேன். அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்.”

விசாரணை முடியும்வரை அவள் மைக்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கூப்பிடும்வரை டவரில் கண்ணாடி ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தன் இடத்தில் வேறொரு பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே மஞ்சள் ஜீப் கிளம்பியது. முன் இருக்கையில் விசாரணை அதிகாரி, ஜலதோஷத்தோடு வந்திருந்த ஒரு நடுத்தர வயது அம்மாள். அண்ணன்தான் ஓட்டினார். ஓடுபாதை மைதானத்தை முழுக்கச் சுற்றிக் காட்டுகிறார்.

ஜீப் போகப் போகப் பறவைகள் முன்கூட்டியே எழுந்து வழிவிட்டன. ஜீப் கடந்ததும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தன. அதிகாரி முன்னால் கை நீட்டி எதையோ கேட்கிறார், அண்ணன் தலையாட்டி விளக்குகிறார். இருவருக்கும் முதுகுப் பின்னால், புல்லில், பருந்துகள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். பார்க்கவில்லை.

“சார், இங்க வாங்களேன்,” என்று சீனியரைக் கூப்பிட்டாள். “இதைப் பாருங்க. இதைத்தான் நான் இத்தனை நாளா சொல்லிட்டு இருக்கேன்.”

அவர் வந்தார். நன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நீ போய்ச் சொல்லு. நான் எதையும் பாக்கலை.”

“இப்பதானே சார் பாத்தீங்க.”

“எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கு. என்னை விட்டுரும்மா.”

விசாரணை அறையில் பழைய மின்விசிறி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“உங்க மைதானம் ரொம்பச் சுத்தமா இருக்கு. ஒரு காக்காகூட இல்லையே.”

தங்கை சிரித்துவிடப் பார்த்தாள். சிரிப்பு அழுகைப் பக்கமாகப் போகும் என்று தெரிந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அனுமதி கொடுத்ததுக்கு அப்புறம் பறவையைப் பாத்தீங்களா?”

இந்தக் கேள்விதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். பார்த்தேன் என்றால், பார்த்துவிட்டு என்ன செய்தாய் என்பது அடுத்த கேள்வி. போன் செய்தேன் என்றால், யாருக்கு, அவர் என்ன செய்தார் என்று நூல் பிடித்தாற்போலக் கேள்விகள் அண்ணனிடம் போய் நிற்கும். துண்டித்தது அவர். வேலை போய்விடும். இந்த வயதில் வெடி போடத் தெரிந்தவரை வேறு எந்தக் கடையில் சேர்த்துக்கொள்வார்கள்?

“இல்ல மேடம். சுத்தம்னு ரேடியோவில சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எதையும் பாக்கலை.”

“சொன்னவர் உங்க அண்ணன்.”

“ஆமா.”

“அதனாலதான் மறுபடியும் கேக்கறேன். பாத்தீங்களா?”

“பாக்கலை.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் காத்திருந்த அண்ணனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். பயப்படாதே, உன்னை இழுக்கவில்லை என்று அர்த்தம். அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அந்தத் தட்டல் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

வெகுநேரம் கழித்து அவளை மறுபடியும் உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரியின் குரல் மாறியிருந்தது.

“இவர் ஒரு விஷயம் சொல்றார். பறவைங்களுக்கு ஜீப் பழகிப் போச்சாம். ஜீப் திரும்பின பிறகு அதுங்க திரும்பி வந்து உட்காருமாம். ஜீப்ல இருக்கறவங்களால அதைப் பாக்க முடியாது, டவர்ல இருக்கறவங்கதான் பாத்துச் சொல்லணும்னு சொல்றார். நியாயமாத்தான் படுது. நீங்க ஏன் பாக்கலை?”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த மைதானத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய வார்த்தைகள். இத்தனை வருடம் சாப்பாட்டு மேஜையில் சிரித்துத் தள்ளிய அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாற்றாமல் தன் அனுபவம் என்று ஒப்பித்திருக்கிறார்.

“ரேடியோ பதிவை வேணும்னா கேட்டுப் பாருங்க மேடம்,” என்றார் அண்ணன், வரைபடத்திடமே. “ரெண்டு வருஷமா டவர்லேர்ந்து பறவை எச்சரிக்கைன்னு ஒரு வார்த்தை வந்ததில்லை. வந்திருந்தா நாங்க ஓடியிருப்போம்.”

வீட்டில் பாப்பா. இங்கே டவர்.

“இது சரியா? ஒரு தடவைகூட ரேடியோவில சொல்லலையா?”

“ரெண்டு வருஷமா சொல்லலை.”

அந்த அறையில் அன்று அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் அவள் கழுத்துக்கே சுருக்காக வந்து விழுந்தது.

“பறவைங்க திரும்பி வரும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“இவருக்கு அது எப்பலேர்ந்து தெரியும்னு கேளுங்க மேடம்.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “அனுபவத்துல தெரிஞ்சுக்கறதுதான் மேடம்,” என்றார். அதிகாரி மறுபடியும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. இறுதி அறிக்கை வரும்வரை தங்கை டவருக்குள் நுழையக் கூடாது. பயணிகள் மறந்து விட்டுப்போன பெட்டிகளும் குடைகளும் அடுக்கியிருக்கும் அறையில் அவளுக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள். அங்கே ஜன்னல் கிடையாது.

அன்றைக்கு அவள் காரில் வரவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சாப்பிடாதவர்போலப் பசியோடு சாப்பிட்டார். அண்ணி பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். இன்னும் எதுவும் தெரியாது போலிருக்கிறது, முகத்தில் நிம்மதி இருந்தது.

“வா, கை கழுவிட்டு உக்காரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாமே.”

“யாருக்கு அண்ணி?”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “உனக்கு வேலை போகாது பாப்பா. கொஞ்ச நாள் வேற சீட்டுல போடுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. எனக்குன்னா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் தாங்கித்தானே ஆகணும்?”

“அதைக் காலைல கார்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே.”

“ஒத்துக்கிட்டிருப்பேண்ணா,” என்றாள். “உனக்காக நானே தலையைக் குடுத்திருப்பேன். அதான் வயிறு எரியுது. கேட்டு வாங்கியிருக்கலாம். என்னைப் பொய் சொல்ல வெச்சு, என் பேச்சையே எடுத்து என்னை அடிச்சே.”

“என்ன பேச்சு?” என்றாள் அண்ணி.

அண்ணன் தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

“என்ன பேச்சுன்னு கேக்கறேன்.”

“ஜீப் திரும்பினா பறவை திரும்பி வரும்னு நான் சொல்லுவேனே. நீங்கல்லாம் சிரிப்பீங்களே. அண்ணன் இன்னிக்கு அதை அங்க சொல்லிட்டாரு. அவரே கண்டுபிடிச்ச மாதிரி. டவர்தான் பாத்துச் சொல்லியிருக்கணுமாம்.”

அண்ணி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னொரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

“அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள் மெதுவாக. “தெரிஞ்சுதான் என்னைச் சிரிக்க விட்டீங்களா? நான் முட்டாள் மாதிரி அவளுக்குப் பட்டமெல்லாம் வெச்சு…”

“இப்ப நீ வேற ஆரம்பிக்காதே.”

“அந்தப் பொண்ணு இடுப்பொடிஞ்சு கிடக்கா. எங்க கடையிலேர்ந்துதான் அவளுக்கு மருந்து போகுது. தினமும் நான்தான் எடுத்துக் குடுக்கறேன்.”

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, தங்கை மாடிப்படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். குரல் பழைய ஸ்கூட்டர் காலத்துக் குரல். மிருதுவாக இருந்தது.

“பாப்பா. உன் போனைக் கொஞ்சம் குடு.”

“எதுக்கு?”

“அன்னிக்கு நீ எனக்குப் பண்ணினதெல்லாம் அதுல இருக்கும். அழிச்சுட்டுத் தர்றேன். நாளைக்கு உனக்குத்தான் தொல்லை.”

அவள் நான்கைந்து படி ஏறியிருந்தாள். போன் கையில்தான் இருந்தது. அவர் கீழே நின்று கையை நீட்டினார். ஈரம் காயாத கை. மழையில் நனைந்துகொண்டே இவளைக் கொண்டு விட்ட கையும் அதுதான். கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் அவள் நிஜமாகவே நினைத்தாள். அப்போது போன் அடித்தது.

எடுத்தாள். மறுமுனையில் யாரோ தும்மினார்கள்.

“மன்னிக்கணும், இந்த ஜலதோஷம் விடமாட்டேங்குது,” என்றார் விசாரணை அதிகாரி. “உங்க அண்ணன் சொன்னாரேன்னு ரேடியோ பதிவைக் கேட்டுப் பாத்தேன். பறவைன்னு ஒரு வார்த்தை இல்லைதான். ஆனா விமானம் ஓட ஆரம்பிச்ச நேரத்துல நீங்க மைக் பட்டனை அமுக்கியிருக்கீங்க. எதுவும் பேசலை. பின்னாடி ஒரு போன் மணி அடிக்குது. அப்புறம் யாரோ கட் பண்ற சத்தம். அந்த நேரத்துல யாருக்குப் போன் பண்ணினீங்க?”

கீழே அண்ணனின் கை நீட்டியபடியே இருந்தது. கூடத்து விளக்கைப் போட வந்த அண்ணியும் சுவரோரமாக நின்றுவிட்டாள். பாராட்டுப் பத்திரங்களுக்கு நேர் கீழே நிற்கிறோம் என்பதை அவள் கவனிக்கவில்லை.

தங்கை அண்ணனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“போன்ல வேண்டாம் மேடம். பதிவாகற இடத்துல வந்து சொல்றேன்.”